ஐந்து வாளிப் பால்!

நல்ல சட்டம் எழுதியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று எண்ணுவோர் உண்டு. நல்ல தலைவர் வாய்த்துவிட்டார், இனிக் கண்ணயரலாம் என்று கருதுவோர் அவரினும் அதிகம். சட்டம் சுவரிலே இருக்கும். தலைவர் மேடையிலே இருப்பார். கறந்த பால் யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்ப்பவர் யார்? இந்தக் கேள்வியை, நூறு பக்க அளவிலே ஒரு சின்னஞ்சிறு கதையாக்கி உலகத்தின் முன்னே வைத்தார் ஓர் ஆங்கில எழுத்தாளர். ஜார்ஜ் ஆர்வெல் என்பது அவர் புனைபெயர். 'விலங்குப் பண்ணை' என்று தமிழிலும் வந்திருக்கும் அந்தக் கதை, 1945 ஆகஸ்டில் லண்டனில் வெளியாயிற்று. ஆண்டுகள் எத்தனையோ உருண்டோடியும் அந்த ஏட்டின் கூர் மழுங்கவில்லை.

அது பிறர் கதை, நமக்கென்ன என்று ஒதுக்கிவிடலாகாது. கொடி பிடிப்போரும், கூட்டம் சேர்ப்போரும், விடிய விடிய விழித்திருந்து சுவரெழுத்து எழுதுவோரும் படிக்கவேண்டிய கதை அது. ஏனெனில், அது தலைவர்களைப் பற்றிய கதை என்பதைவிட, தலைவர்களை நம்பியவர்களைப் பற்றிய கதை!

எழுதியவர் யார்?

எரிக் ஆர்தர் பிளேர் என்பது அவர் இயற்பெயர். பிறந்த இடம், பீகாரில் உள்ள மோதிஹாரி, ஆண்டு 1903. தந்தையார் வெள்ளை அரசின் அபினி இலாகாவிலே உத்தியோகம் பார்த்தவர். மகன் 1922இல் பர்மாவுக்குப் போலீஸ் அதிகாரியாகச் சென்றார். ஐந்தாண்டுக் காலம் ஏகாதிபத்தியத்தின் தடியைக் கையிலே பிடித்துப் பார்த்தார். பிடித்த கை கூசிற்று. 1927இல் விடுப்பில் இங்கிலாந்து வந்தவர் வேலையை உதறினார். பிறகு ஏழைகளோடு ஏழையாகத் திரிந்தார். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளிலே தங்கினார். ஸ்பெயின் நாட்டுக் குடியரசை பிராங்கோவின் படைகள் தாக்கியபோது, துப்பாக்கி ஏந்திப் போர்முனை சென்றார். 1937இல் தொண்டையிலே குண்டு பாய்ந்து உயிர் தப்பினார்.

ஆக, பாட்டாளியை வெறுத்த சீமான் எழுதிய கதையல்ல இது. தம்மைச் சோஷலிஸ்ட் என்றே இறுதிவரை சொல்லிக்கொண்டவர் எழுதியது. ஸ்பெயினிலே அவர் கண்டது ஒரு விந்தை. எதிரியின் குண்டுக்குத் தப்பிய தோழர்களை, சொந்த அணியினரே துரோகிகள் எனக் கூறி வேட்டையாடினர். மாஸ்கோவிலிருந்து வந்த ஆணை அதன் பின்னே நின்றது. போர்முனையில் நின்று போராடியவர்களைக் கோழைகள் என்றும் கைக்கூலிகள் என்றும் ஏடுகள் எழுதின. பொய் அச்சேறினால் மெய்யாகிவிடுகிறதே என்ற திகைப்பு அவரை விடவில்லை.

பின்னர் ஒரு நாள், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பிரம்மாண்டமான வண்டிக் குதிரையை ஒற்றையடிப் பாதையில் ஓட்டிச் செல்வதைக் கண்டார். குதிரை திரும்ப முயலுந்தோறும் சாட்டையடி விழுந்தது. இந்தக் குதிரைக்குத் தன் பலம் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற எண்ணம் எழுந்தது. அந்த எண்ணம்தான் கதையாயிற்று என்று 1947இல் உக்ரேனிய மொழிப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையிலே அவரே கூறுகிறார்.

புரட்சி நடந்த மறுநாள்!

கதை இது. ஜோன்ஸ் என்பவன் குடிகாரப் பண்ணைக்காரன். அவனிடம் அடிபட்டு, அரைவயிறு உண்டு, கடைசியிலே கத்திக்கு இரையாகும் விலங்குகள் பல. மேஜர் என்ற முதுபெரும் பன்றி ஒரு நாள் இரவு அவற்றைக் கூட்டி, நம் உழைப்பை மனிதன் உறிஞ்சுகிறான், அவனை விரட்டினால் விடுதலை என்று எடுத்துரைக்கிறது. மூன்று நாட்களில் மேஜர் இறக்கிறது. சில மாதங்களில் புரட்சி வெடிக்கிறது. ஜோன்ஸ் ஓடுகிறான். பண்ணை விலங்குகளுக்குச் சொந்தமாகிறது.

மறுநாள், பெரிய கொட்டகையின் தார் பூசிய சுவரிலே ஏழு சட்டங்கள் வெள்ளை எழுத்தில் தீட்டப்படுகின்றன. மனிதனைப் போல மெத்தையில் உறங்கலாகாது, மது அருந்தலாகாது, விலங்கு விலங்கைக் கொல்லலாகாது, எல்லோரும் சமம் — இத்தகைய சட்டங்கள். எழுதியவை பன்றிகள், ஏனெனில் அவற்றுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும்.

அதே நாளில் பசுக்கள் கறக்கப்படுகின்றன. நுரை பொங்க ஐந்து வாளிப் பால்! இந்தப் பாலை என்ன செய்வது என்று கேள்வி எழுகிறது. நெப்போலியன் என்ற பன்றி வாளிகளின் முன்னே வந்து நிற்கிறது. பாலைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அறுவடைதான் முக்கியம் என்கிறது. எல்லோரும் உற்சாகமாக வயலுக்குப் போகிறார்கள். மாலையில் திரும்பி வந்தால் — பாலைக் காணோம்!

ஆர்வெல் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். படிப்பவரும் போய்விடுகிறார். அங்கேதான் ஏமாறுகிறோம்! இந்தக் கதையின் திருப்புமுனை எது என்று பின்னாளில் பேச்சு எழுந்தது. பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தமக்கென்று எடுத்துக்கொண்டனவே, அதுதான் திருப்புமுனை. அன்று மற்ற விலங்குகள் உறுதியாக நின்று தடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற கருத்தை, 1946 டிசம்பரில் டுவைட் மக்டானல்டு என்ற அமெரிக்க நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஆர்வெல் விளக்கியிருக்கிறார்.

கவனிக்க வேண்டும்! கொலை விழுந்த நாளைத் திருப்புமுனை என்று அவர் சொல்லவில்லை. ஆளைக் கடிக்கும் நாய்கள் ஏவப்பட்ட நாளையும் சொல்லவில்லை. பால் காணாமற்போன நாளைச் சொல்கிறார். கொடுங்கோன்மை வாளோடு வருவதில்லை, வாளியோடு வருகிறது!

இன்னொன்றையும் மறக்கலாகாது. நெப்போலியனுக்கும் ஸ்னோபால் என்ற மற்றொரு பன்றித் தலைவனுக்கும் எதிலும் ஒத்துப்போகாது, நாளெல்லாம் வாக்குவாதம். ஆயினும், பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கே என்ற ஒன்றிலே மட்டும் இருவரும் ஒன்று. பின்னர் நெப்போலியன் ஒன்பது நாய்களை ஏவி ஸ்னோபாலைத் துரத்தியடித்தபோது, ஐயோ நல்லவன் போனானே என்று நாம் இரங்குகிறோம். அந்த நல்லவன் வாயிலும் பாலின் நுரை இருந்தது!

பிரசார பீரங்கி

பாலை எடுத்தாயிற்று. கேள்வி எழாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே! அதற்கென்றே ஸ்குவீலர் என்று ஒரு பன்றி இருக்கிறது. கறுப்பை வெளுப்பு என்று சாதிக்கும் வாய். பன்றிகளுக்குப் பாலும் பிடிக்காது, ஆப்பிளும் பிடிக்காது. மூளை உழைப்பாளிகளான அவை உங்களுக்காகவே சிரமப்பட்டு உண்கின்றன. விஞ்ஞானம் அப்படிச் சொல்கிறது என்று விளக்கம் தருகிறது. விளக்கம் எடுபடாதபோது கடைசி அஸ்திரம்: ஜோன்ஸ் திரும்பி வரவேண்டும் என்று விரும்புகிறீர்களா?

அவ்வளவுதான். வாய்கள் அடைபடுகின்றன. ஏனெனில் ஜோன்ஸின் சாட்டை பட்ட முதுகுகள் அவை. பழைய கொடுமையின் தழும்பையே புதிய கொடுமைக்குக் கேடயமாக்கும் வித்தை இது. நாடுகள் பலவற்றிலும் ஆள்வோர் பலரும் கையாண்ட வித்தை. எதிரி இல்லாதபோது எதிரியைச் செய்துகொள்வதும் அதன் பகுதியே. காற்றாலை புயலில் இடிந்தால், ஸ்னோபால் வந்து இடித்தான். சாவி தொலைந்தால், ஸ்னோபால் கிணற்றில் போட்டான்! துரத்தப்பட்டவன் ஒருவன் இருக்கும்வரை, ஆள்பவனுக்குத் தவறே கிடையாது.

சுவர் என்ன சொல்கிறது?

பிறகு சுவரிலே அதிசயம் நிகழ்கிறது. பன்றிகள் ஜோன்ஸின் வீட்டிலே குடியேறி மெத்தையில் படுக்கின்றன. மெத்தை கூடாது என்று சட்டம் இருந்ததே என்று குளோவர் என்ற பெண் குதிரைக்கு ஐயம். முரியேல் என்ற ஆட்டை அழைத்துப் படிக்கச் சொல்கிறது. மெத்தையில் விரிப்புப் போட்டுப் படுப்பதுதான் கூடாதாம்! கோழிகள் வாரம் 400 முட்டை தரவேண்டும் என்று ஆணை பிறக்கிறது. ஐந்து நாள் எதிர்த்து நின்ற கோழிகளில் ஒன்பது மடிகின்றன. எதிர்த்த பன்றிகளும் கோழிகளும் பிறவும் சதி செய்ததாகத் தாமே ஒப்புக்கொண்டு, நாய்களின் பல்லுக்கு இரையாகின்றன. சுவரைப் பார்த்தால், காரணமின்றிக் கொல்வதுதான் குற்றம் என்றிருக்கிறது! மதுவும் அப்படியே, அளவு மீறினால்தான் பிழையாம்!

ஒரு நள்ளிரவில் சத்தம் கேட்டு ஓடிவந்த விலங்குகள், சுவரின் கீழே ஏணி முறிந்து கிடப்பதையும், வெள்ளை வண்ணம் கொட்டிக் கிடப்பதையும், அருகே ஸ்குவீலர் விழுந்து கிடப்பதையும் காண்கின்றன. திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டான்! ஆயினும் அவற்றுக்குப் புரியவில்லை. இதைவிடக் கூரிய எள்ளல் உண்டா? இறுதியிலே ஏழு சட்டமும் போய் ஒரே ஒரு வாசகம் நிற்கிறது. சமம் என்ற சொல்லை அழிக்காமலே, அந்தச் சொல்லுக்குள்ளேயே மேலோர் கீழோர் வகுத்துவிட்ட வாசகம்!

கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆர்வெலின் கண் முன்னே இருந்தது ஸ்டாலின் ஆண்ட ரஷ்யா. நெப்போலியன் ஸ்டாலின், ஸ்னோபால், 1929இல் நாடு கடத்தப்பட்டு 1940இல் மெக்சிகோவில் கொல்லப்பட்ட டிராட்ஸ்கி. 1936 டிசம்பரில் சோவியத் நாட்டுக்குப் புதிய அரசியல் சட்டம் வந்தது. பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் அதிலே எழுதப்பட்டிருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில்தான், லெனினோடு இருந்த சினோவியெவும் காமெனெவும் மாஸ்கோ நீதிமன்றத்திலே செய்யாத குற்றங்களை ஒப்புக்கொண்டு சுட்டுக்கொல்லப்பட்டனர். சுவரிலே சட்டம், களத்திலே நாய்!

வண்ணவாளி வேலை ஸ்டாலினுக்குப் பின்னும் ஓயவில்லை. 1953இல் போலீஸ் தலைவர் பெரியா வீழ்ந்து சுடப்பட்டார். பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்திலோ அவரைப் புகழும் கட்டுரை அச்சாகிச் சந்தாதாரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. என்ன செய்தார்கள்? அந்தப் பக்கங்களைக் கத்தரித்து எடுத்துவிட்டு, பேரிங் கடலைப் பற்றியும் பிறவற்றைப் பற்றியும் அனுப்பும் பக்கங்களை ஒட்டிக்கொள்க என்று அறிவிப்பு அனுப்பினார்கள். ஸ்குவீலர் ஏணியில் ஏறவேண்டிய சிரமம் கூட இல்லை. படிப்பவனே பசையும் கத்தரியும் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று!

குளம்பின் கீழே நாய்!

இனி, நெஞ்சைப் பிளக்கும் பகுதி. பாக்சர் என்ற வண்டிக் குதிரை! இரண்டு குதிரைகளின் பலம் அதற்கு. எழுத்திலே முதல் நான்கைத் தாண்ட இயலவில்லை. எது நேர்ந்தாலும் அதனிடம் இரண்டே பதில்: ஒன்று, முன்னிலும் அதிகமாக உழைப்பது, மற்றொன்று, தலைவர் சொன்னால் சரியாகவே இருக்கும் என்று அமைவது. விடியுமுன் எழும், காற்றாலைக்குக் கல் சுமக்கும், குளம்பு பிளந்தாலும் நிற்காது. 1935 ஆகஸ்டில் ஒரே முறை வேலையில் 102 டன் நிலக்கரி வெட்டினார் என்று ஸ்டகானவ் என்ற தொழிலாளியைச் சோவியத் அரசு கொண்டாடிற்று. அவரைப் போல் வெட்டுக என்று எல்லோருக்கும் வேலையளவு உயர்த்தப்பட்டது. பாக்சரின் வியர்வையும் அவ்வாறே பிறருக்குப் பாடமாக்கப்பட்டது.

கதையிலே ஒரு காட்சி உண்டு. பலரும் கவனியாது விடும் காட்சி. துரோகிகளைப் பிடிக்க ஏவப்பட்ட நாய்களில் மூன்று, பாக்சர் மீதே பாய்கின்றன. ஒன்றை அது குளம்பாலே தரையோடு அழுத்திவிடுகிறது. மற்ற இரண்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகின்றன. சர்வாதிகாரத்தின் பல் முழுவதும் உழைப்பாளியின் குளம்பின் கீழே! அந்தக் கணத்தில் பாக்சர் என்ன செய்தது? நசுக்கவா, விடவா என்று கேட்பதுபோல் நெப்போலியனின் முகத்தைப் பார்த்தது. விடு என்றது தலைமை. விட்டுவிட்டது. சற்று நேரத்தில் அதே நாய்கள் மற்றவர்களைக் கிழித்தன. பாக்சர் அதைக் கண்டு, குற்றம் நம்மிடமே இருக்கவேண்டும், இனி ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து உழைப்போம் என்று முடிவு கட்டியது!

பலம் இல்லாமல் தோற்றவன் உண்டு, அவனுக்காக அழலாம். பலம் தன் காலடியிலே இருந்தும் உத்தரவு கேட்டு நின்றவனை என்னென்பது?

முடிவு யாவரும் அறிந்ததே. பன்னிரண்டு வயதில் குதிரைக்கு ஓய்வு உண்டு, தீவனம் உண்டு, மேய்ச்சல் நிலம் உண்டு என்று புரட்சியின் தொடக்கத்தில் வாக்களிக்கப்பட்டிருந்தது. அந்த மேய்ச்சல் நிலத்திலோ பன்றிகளின் பீருக்காக வாற்கோதுமை விதைக்கப்பட்டாயிற்று. பன்னிரண்டாம் பிறந்த நாளை எதிர்பார்த்திருந்த பாக்சர், கல் இழுக்கையில் நுரையீரல் நைந்து விழுகிறது. ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்கிறது தலைமை. வண்டி வருகிறது. அந்த வண்டியின் பக்கவாட்டிலே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது — குதிரைகளை வெட்டிக் கோந்து காய்ச்சும் வியாபாரியின் பெயர்! விலங்குகளோ படிக்கத் தெரியாமல், போய் வா பாக்சர் என்று வழியனுப்புகின்றன.

படிக்கத் தெரிந்தும் இதுவரை வாய் திறவாதிருந்தது பெஞ்சமின் என்ற கழுதை. எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்தே அறிந்திருந்த கழுதை அது. யார் ஆண்டால் என்ன, வாழ்க்கை இப்படித்தான் என்று ஒதுங்கியிருந்த படிப்பாளி. அன்றுதான் முதல் முறையாக ஓடிவந்து வண்டியின் எழுத்தைப் படித்துக் கதறுகிறது. வண்டி நகர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து பாக்சர் உதைக்கிறது. ஒரு காலத்தில் அந்த உதைக்கு வண்டி தூள் தூளாகியிருக்கும். இன்று பலம் இல்லை. சில நாள் கழித்து, பன்றிகளின் வீட்டுக்கு ஒரு பெட்டி விஸ்கி வருகிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார் இல்லை!

உழைத்தவன் அறியாமை ஒருபுறம். அறிந்தவன் மௌனம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே ஓடிற்று அந்த வண்டி.

ஏட்டுக்கே நேர்ந்த கதி!

அந்த எள்ளல் ஏட்டோடு முடியவில்லை, ஏட்டையே பின்தொடர்ந்தது. 1944இல் எழுதி முடித்தபோது ஸ்டாலின் பிரிட்டனின் போர்க்காலக் கூட்டாளி. பதிப்பாளர் பலர் மறுத்தனர். ஒரு பதிப்பகம், அரசின் தகவல் இலாகா அதிகாரி ஒருவர் ஆலோசனை கூறவே பின்வாங்கிற்று. மற்றொரு பதிப்பகத்தின் சார்பில் மறுப்புக் கடிதம் எழுதியவர், புகழ்பெற்ற கவிஞர் டி. எஸ். எலியட். அறிவிலே சிறந்தவை பன்றிகளாதலால் பண்ணையை நடத்தத் தகுதியும் அவற்றுக்கே. பொதுநல உணர்வு மிக்க பன்றிகள் இன்னும் வேண்டும் என்பதே தேவை என்ற பொருள்பட அவர் எழுதினார். நல்லவர் ஆண்டால் போதும் என்ற பழைய பாட்டு! ஆர்வெலின் விடையோ வேறு: ஆள்பவர் நல்லவரா என்பதன்று கேள்வி, கேட்பவர் விழிப்பாயிருக்கிறாரா என்பதே!

1947இல், ஜெர்மனியில் அகதி முகாம்களில் இருந்த உக்ரேனியர்களுக்காக அவர்கள் மொழியில் அச்சான பிரதிகளில் சுமார் 1500ஐ அமெரிக்க இராணுவத்தினரே பறிமுதல் செய்து சோவியத் அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். சில ஆண்டுகளில் காற்று மாறிற்று. அதே அமெரிக்காவின் உளவு நிறுவனம், மறைவிலே பணம் தந்து இக்கதையைச் சித்திரத் திரைப்படமாக்கிற்று. 1954இல் வந்த அந்தப் படத்தின் முடிவைப் பாருங்கள்! ஏட்டிலே, பன்றிகளும் மனிதரும் ஒரே மேசையில் குடித்துச் சீட்டாடுகின்றனர்; சாளரத்தின் வெளியே நிற்கும் விலங்குகளுக்கு எது பன்றி, எது மனிதன் என்று தெரியவில்லை. படத்திலோ அந்த மனிதர்கள் மறைக்கப்பட்டனர். பன்றிகளை எதிர்த்து விலங்குகள் திரண்டு எழுவதாக முடிக்கப்பட்டது. பழைய எஜமானர்களின் முகம் மட்டும் கண்ணாடியிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டது! சுவரெழுத்தை இரவிலே மாற்றும் பன்றியைப் பற்றிய கதையை இரவிலே மாற்றி எழுதினார்கள். எழுதியவர் 1950 ஜனவரியிலேயே இறந்துவிட்டார், தடுக்க ஆளில்லை.

அவரோ எதிரிக்கும் நியாயம் தவறாதவர். காற்றாலை வெடித்தபோது நெப்போலியன் உள்பட எல்லோரும் தரையில் குப்புற வீழ்ந்ததாக முதலில் எழுதியிருந்தார். ஜெர்மானியப் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லையே என்று எண்ணி, நெப்போலியன் மட்டும் வீழவில்லை என்று அச்சேறுமுன் திருத்தச் சொன்னார். ஸ்டாலினை அவ்வளவு கடுமையாகத் தாக்கியவர், அவருக்குரிய ஒரு வரியை மறுக்கவில்லை. இரவில் பொய்க்காகத் திருத்துவோர் உண்டு. பகலில் மெய்க்காகத் திருத்துவோரும் உண்டு!

நமக்கு என்ன?

இந்தக் கதையைக் காட்டி, பார்த்தீர்களா, புரட்சி என்றாலே இப்படித்தான், ஜோன்ஸே மேல் என்று கூறுவோர் உண்டு. அவர்கள் கதையைப் பாதியிலே மூடிவைத்தவர்கள். ஜோன்ஸ் நல்லவன் என்று ஆர்வெல் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஜோன்ஸும் நெப்போலியனும் ஒரே முகம் ஆனதுதான் அவர் சொன்ன குற்றச்சாட்டு. விரட்டியது தவறன்று, விரட்டிய பிறகு உறங்கியதே தவறு.

எந்த அமைப்புக்கும் கட்டுப்பாடு தேவை. தலைவரிடம் நம்பிக்கை தேவை. இல்லையேல் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தேரை இழுக்க இயலாது. ஆனால் நம்பிக்கை வேறு, கணக்குக் கேளாமை வேறு. சங்கத்துச் சந்தாவின் கணக்கைக் கேட்பது பகைமையன்று. நேற்று நிறைவேற்றிய தீர்மானம் என்ன, இன்று படிக்கப்படுவது என்ன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது துரோகமன்று. ஜோன்ஸ் வந்துவிடுவான் என்ற பயமுறுத்தலைக் கேட்டதும், ஜோன்ஸ் வரட்டும் பார்த்துக்கொள்வோம், முதலில் பால் எங்கே சொல்லுங்கள் என்று கேட்பது குழப்பமன்று. அதுவே அமைப்பைக் காக்கும் வேலை.

ஆகவே, தோழர்களே, படியுங்கள்! நான்கு எழுத்தோடு நின்றுவிடாமல் படியுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் பெஞ்சமினைப் போல் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒதுங்காதீர்கள். பக்கத்திலே இருப்பவருக்குப் படித்துக் காட்டுங்கள். சுவரிலே எழுதியதை நெஞ்சிலும் எழுதிவையுங்கள். சுவருக்கு வெள்ளையடிக்கலாம், நெஞ்சுக்கு அடிக்க முடியாது.

பாக்சரின் குளம்புக்கு நாயை நசுக்கும் பலம் இருந்தது. அந்தப் பலம் தேவைப்படாமலே காரியம் முடிந்திருக்கும் — ஐந்து வாளிப் பால் காணாமற்போன அந்த மாலையில், வயலிலிருந்து களைத்துத் திரும்பியவர்களில் ஒருவராவது நின்று, பால் எங்கே என்று கேட்டிருந்தால்!